பசித்த கல்லீரல் செல் பிழைப்பதும் மடிவதும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கொழுப்புக் கல்லீரலைப் பற்றி எழுதியபோது, "கல்லீரலுக்கு மிகுதியும் ஆகாது, குறைவும் ஆகாது" என்று ஒரு வரி போகிற போக்கில் வந்துவிட்டது. மிகுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் குறைவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டீர்களே என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மாதம் இரண்டு ஏகாதசிக்கும் உபவாசம் உண்டு. என் மகன் அதையே வேறு பெயரில் நாள்தோறும் பதினாறு மணி நேரம் கடைப்பிடிக்கிறான். பட்டினி கிடந்தால் செல்கள் தம்மைத் தாமே தின்று சுத்தமாகிவிடும் என்கிறான். தன்னையே தின்கிற செல் செத்துப் போகாதா? – தேவனாம்பட்டினம் வாசகி

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி, உங்கள் அச்சமும் பாதி சரி.

சாப்பிட்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல், கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் இந்த இருப்பு ஏறத்தாழ 100 கிராம்தான். உணவு நின்றால் ஒரு நாளைக்குள் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்கிடையில் இரத்தத்தில் இன்சுலின் இறங்கி, அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும் குளூக்ககான் என்ற ஹார்மோன் ஏறும். அமினோ அமிலங்கள் போதுமான அளவில் இருக்கும்வரை "கட்டு, வளர்" என்று செல்லை ஏவிக்கொண்டிருக்கும் எம்டார் என்ற புரதம், அவை குறையத் தொடங்கியதும் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்த பின்புதான் ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், வேகம் எடுக்கிறது. செல்லுக்குள் இரட்டைச் சவ்வால் ஆன ஒரு பை உருவாகி, செல்லின் ஆற்றல் ஆலைகளான மைட்டோகாண்ட்ரியாவில் பழுதுபட்டவற்றையும், மடங்கிக் கெட்டுப்போன புரதங்களையும், சும்மா கிடக்கும் செல்சாற்றின் ஒரு பகுதியையும் வளைத்துக் கட்டுகிறது. அந்தப் பை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் சேர்ந்துகொள்ள, உள்ளே இருந்தவை கரைந்து அமினோ அமிலங்களாகத் திரும்பி வருகின்றன. அவற்றிலிருந்து கல்லீரல் சர்க்கரையைச் செய்து, உணவுக்குக் காத்திருக்கும் மூளைக்கு அனுப்புகிறது.

இந்தக் கதை தொடக்கம் முதலே கல்லீரலின் கதை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், இன்சுலினின் வேலையைப் புரிந்துகொள்வதற்காக எலிக் கல்லீரலை அரைத்துப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தேடாமலேயே கையில் கிடைத்ததுதான் லைசோசோம். அதற்கு 1955இல் அவர் பெயரிட்டார். ஆட்டோஃபேஜி என்ற சொல்லை வழங்கியவரும் அவரே, ஆண்டு 1963. பிற்பாடு ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு இதன் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியரான யோஷினோரி ஓசுமிக்கு 2016ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

தன்னையே தின்றால் செத்துப் போகாதா என்றீர்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்த எலியின் கல்லீரல், தன் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. ஆனால் அதன் டி.என்.ஏ அளவு பெரிதாகக் குறைவதில்லை. செல்கள் சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறையவில்லை என்பது இதன் பொருள். தன்னுண்ணல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2004இல் ஜப்பானில் நடந்த ஒரு சோதனை காட்டியது. அதற்கு வேண்டிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகள் பார்வைக்கு நலமாகவே பிறந்தன. ஆனால் ஒரு நாளுக்குள் மடிந்துவிட்டன. தொப்புள்கொடி அறுந்த நேரத்துக்கும் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கும் நேரத்துக்கும் இடையில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு சிறு பட்டினிக்காலம் உண்டு. அந்தச் சில மணி நேரத்தைக் கடக்க மற்றக் குட்டிகள் தம் செல்களின் சேமிப்பை உண்டு பிழைக்கின்றன. இவற்றால் அது முடியவில்லை. ஆகவே தன்னுண்ணல் முதலில் பிழைப்பதற்கான வழி. விதைநெல்லில் கை வைக்கும் அளவுக்குப் பட்டினி நீண்ட பிறகுதான் உங்கள் அச்சம் மெய்யாகிறது.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். சுண்டெலிக்கு ஓர் இரவுப் பட்டினியே பெரும் பட்டினி. அதன் உடல் எடையே ஒரு நாளில் கண்கூடாகக் குறைந்துவிடும். அந்தக் கணக்கை அப்படியே மனிதனின் பதினாறு மணி நேரத்துக்குப் பொருத்துவது சரியாகாது. நலமாக இருப்பவரின் கல்லீரலுக்கு ஏகாதசியால் கேடு இல்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம்.

கேள்வி: அப்போப்டோசிஸ், நெக்ரோசிஸ் என்று செல்லுக்கு இரண்டு வகைச் சாவு இருப்பதாகப் படிக்கிறோம். சத்துக் குறைவால் கல்லீரல் செல்லுக்கு நேர்வது எது? – செவிலியர் கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: இரண்டும் நேரலாம். எது நேரும் என்பது, செல் எந்த இடத்தில் இருக்கிறது, கையில் எவ்வளவு ஆற்றல் மிச்சம் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து சத்துக்களைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. மிச்சம் ஆக்சிஜன் நிறைந்த தமனி இரத்தம். இரண்டும் கலந்து, வரிசையாக நிற்கும் செல்களின் ஓரமாக ஓடி, நடுச்சிரையில் வடிகிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து உழவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தலைமடைச் செல் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதுதான் கடைமடைச் செல்லுக்கு.

1960களில் ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோயியல் அறிஞர், எலிக் கல்லீரலின் சில மடல்களுக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளைகளைக் கட்டிவிட்டுப் பார்த்தார். நடுச்சிரையைச் சுற்றியிருந்த கடைமடைச் செல்கள் கூட்டம் கூட்டமாக வெடித்துச் செத்தன; அது நெக்ரோசிஸ். தமனி இரத்தத்தால் தாக்குப்பிடித்த தலைமடைப் பகுதியில் கலவரம் எதுவும் இல்லை. இருந்தும் மடல் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்தது. உற்றுப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனிச் செல்கள் ஓசையின்றி மறைந்துகொண்டிருந்தன. இந்த இரண்டாம் வகைக்குத்தான் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயர் சூட்டினார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

அப்படி உதிரும் ஒரு செல்லை, வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் கல்லூரி நுண்ணோக்கியில் தேடிப் பாருங்கள். சாதாரணக் கல்லீரல் செல் பலகோண வடிவில், அகன்று, வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். நடுவே உருண்டையான உட்கரு. சாகும் செல்லோ அதில் பாதி அளவுக்குச் சுருங்கி, செம்மை ஏறிய குண்டுமணி போல் திரண்டிருக்கும்; உட்கரு இரண்டு மூன்று கருநீலப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும்; சுற்றிலும் மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். அதை ஒட்டிய செல்லோ ஒன்றும் நடவாதது போல் இருக்கும். சில மணி நேரத்தில் அக்கம்பக்கத்துச் செல்களே அதை விழுங்கிவிடுவதால், ஒரு சிலைடில் நான்கைந்து கண்ணில் பட்டாலே உண்மையில் இழப்பு பெரிது என்று கொள்ள வேண்டும். மாணவர்களுக்கு நான் இதைக் காட்டும்போதெல்லாம், "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார்கள்.

அப்போப்டோசிஸ் என்பது ஒழுங்கோடு செய்யப்படும் வேலை, அதற்கு ஏ.டி.பி என்ற ஆற்றல் நாணயம் வேண்டும். அது அடியோடு வற்றிவிட்டால் செல்லால் முறையாகச் சாகக்கூட முடியாது. சவ்வு கிழிந்து, உள்ளிருப்பவை வெளியே கொட்டி, அழற்சி மூளும். பிழைப்புக்கும் சாவுக்கும் நடுவே பி.சி.எல்-2 என்றொரு புரதம் இருக்கிறது. தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் பெக்ளின்-1 என்ற புரதத்தையும், சாவைத் தொடங்கிவைக்கும் புரதங்களையும் ஒருசேரப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பட்டினியின் தொடக்கத்தில் அது முதலில் பெக்ளினை விடுவிக்கிறது. பட்டினி மிக நீண்டால் மற்றப் பிடியும் தளர்கிறது. தேர்வில் இதைக் கேட்பார்களோ இல்லையோ, நோயாளியின் படுக்கை அருகில் நிற்கும்போது இந்த வரிசை நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: என் தம்பிக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தவர், நாற்பது நாளைக்கு உப்பில்லாத மோர்ச்சோறும் கஞ்சியும் தவிர வேறு எதுவும் கூடாது, பருப்பு, முட்டை, மீன் வாசனையே ஆகாது என்று பத்தியம் சொல்லியிருக்கிறார். கல்லீரலுக்கு ஓய்வு வேண்டாமா? – பண்ருட்டி வாசகர்

பதில்: கீழாநெல்லியைப் பற்றி வழக்காட நான் இங்கே வரவில்லை. என் சண்டையெல்லாம் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் பத்தியத்தோடுதான்.

கல்லீரலுக்கு ஓய்வு என்ற எண்ணமே பிழையானது. கிருமியால் செல்கள் செத்த கல்லீரல், எஞ்சிய செல்களைப் பெருக்கித் தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலையில் இறங்கியிருக்கிறது. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்தாலும் ஏழு முதல் பத்து நாளில் பழைய எடைக்கு வந்துவிடுகிறது என்பதை ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் 1931இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அந்தச் செங்கல் அமினோ அமிலம். புரதம் கிடைக்காத எலியில் அதே வளர்ச்சி பின்தங்கிவிடுகிறது. கொத்தனாரை வேலைக்கு வைத்துவிட்டுச் செங்கல் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவைப்பது போன்றதுதான் உப்பில்லாத மோர்ச்சோறு.

குமட்டல் இருக்கும் முதல் சில நாள்களுக்கு எண்ணெய்ப் பலகாரம் பிடிக்காது. அப்போது இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சோறு என்று சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுங்கள். பசி திரும்பியதும் முட்டையும் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் மட்டுமே உப்பைக் குறைக்க வேண்டும். எந்தக் காமாலை என்பதை இரத்தப் பரிசோதனையால் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பித்தப்பாதை அடைப்பால் வந்த காமாலையாக இருந்தால் நாற்பது நாள் காத்திருப்பதே ஆபத்து.

சிரோசிஸ் என்னும் முற்றிய கல்லீரல் நோயில் இந்தப் பத்தியம் இன்னும் கொடியது. இளம் வயதில் நான் பார்த்த ஒரு நோயாளியை மறக்க முடியவில்லை. வயிறு பானை போல் உப்பியிருந்தது. நெற்றிப் பொட்டுகள் இரண்டும் குழி விழுந்து, தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் மனைவி மூன்றடுக்குத் தூக்கைத் திறந்தார். மூன்றடுக்கிலும் கஞ்சிதான் இருந்தது. யாரோ சொன்ன பத்தியத்தை அந்த அம்மா எட்டு மாதமாக ஒரு நாளும் தவறாமல் காத்துவந்தார். அவருடைய அன்பில் குறையே இல்லை.

கிளைக்கோஜனைச் சேமிக்க இடமில்லாத அந்தக் கல்லீரல், ஒரே இரவில், நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் அடையும் நிலையை அடைந்துவிடுகிறது. விடிவதற்குள் உடல் தன் தசையை உடைத்துச் சர்க்கரை செய்யத் தொடங்கிவிடும். தசையோ அம்மோனியாவை அகற்றுவதில் கல்லீரலுக்குத் துணை நிற்பது. அது கரையக் கரைய, அம்மோனியா ஏறி மூளை குழம்பும். குழப்பம் வந்தால் புரதத்தை நிறுத்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களான நாங்களே சொன்னோம். 2004இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வில், வழக்கமான அளவு புரதம் கொடுத்தவர்களுக்குக் குழப்பம் கூடுதலாகவில்லை. குறைத்துக் கொடுத்தவர்களின் உடல் புரதம்தான் அதிகமாகச் சிதைந்தது. இன்றைய வழிகாட்டுதல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் என்று கணக்குப் போட்டால், கஞ்சியால் அங்கே போய்ச் சேரவே முடியாது என்பது விளங்கும். அத்துடன் படுக்கப்போகும் முன் ஒரு சிறு உணவு, ஒரு டம்ளர் பாலும் இரண்டு மூன்று இட்லியும் போல, கட்டாயம் வேண்டும்.

பசியையே ஒரு பிணியாகக் கண்ட வள்ளலார் 1867இல் வடலூரில் ஏற்றிவைத்த அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் மாவட்டத்தில், நோயாளியைப் பட்டினி போடுவதை மருந்து என்று எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பது எனக்கு வியப்புதான்.

கேள்வி: நான் 46 கிலோ எடைதான் இருக்கிறேன். ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. இளைத்த உடம்பில் கல்லீரலில் மட்டும் கொழுப்பு எப்படிச் சேரும்? சத்துக் குறைவாலும் சேருமா? – திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: சேரும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஐஸ் பெட்டியும் லாரியும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் மீன் குவியும். கல்லீரல் தனக்கு வரும் கொழுப்பைப் புரதமும், கோலின் என்ற சத்திலிருந்து உருவாகும் பாஸ்ஃபாட்டிடைல்கோலினும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டித்தான் இரத்தத்தில் அனுப்ப முடியும். புரதம் இல்லாவிட்டாலும் கோலின் இல்லாவிட்டாலும் பொட்டலம் கட்ட முடியாமல் கொழுப்பு செல்லிலேயே தேங்கிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1933இல் விவரித்த, புரதக் குறைவோடு தொடர்புடைய குவாஷியோர்க்கர் நோய்க் குழந்தைகளின் கல்லீரல் கொழுத்திருந்ததற்கு இது ஒரு காரணம். கணையம் நீக்கிய நாய்களை இன்சுலின் கொடுத்துக் காப்பாற்றியபோது அவற்றின் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. அதைத் துரத்திச் சென்ற, இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்ட்டும் அவர் கூட்டாளிகளும் 1932இல் அதற்கு மருந்தாகக் கோலினைக் கண்டார்கள்.

கோலின் குறைவு கொழுப்போடு நிற்பதும் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக்கும் அது தேவை. கோலின் இல்லாத ஊடகத்தில் வளர்த்த எலிக் கல்லீரல் செல்கள், மேலே சொன்ன உதிர்வு வகைச் சாவையே அடைகின்றன. 1991இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கோலின் நீக்கிய உணவை மூன்று வாரம் உண்ட நலமான ஆண்களின் இரத்தத்தில், கல்லீரல் செல் பழுதானால் கசியும் எஸ்.ஜி.பி.டி என்ற நொதியின் அளவு உயர்ந்தது. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரு பாதுகாப்பு. உடலே கொஞ்சம் கோலினைச் செய்துகொள்ள அது உதவுகிறது. மாதவிடாய் நின்ற பின் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. நாளொன்றுக்குப் பெண்ணுக்கு 425 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு முட்டையின் மஞ்சள் கருவிலேயே ஏறக்குறைய 150 மில்லிகிராம் இருக்கிறது. சைவம் என்றால் சோயாவும் பாலும் பருப்பும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் ஒல்லியானவர்களின் கொழுப்புக் கல்லீரலுக்கு, மூன்று வேளையும் சோறும் இனிப்பும் மிகுந்து புரதம் குறைந்த உணவும், வெளியே தெரியாத வயிற்றுக் கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் இணங்காமையும் தான் பெரும்பாலும் காரணம். கோலினைத் தேடுவதற்கு முன் சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சாப்பாட்டைத் தொடாமல் குடிக்கிறார். மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் இரண்டிரண்டாகப் போடுகிறார். பயமாக இருக்கிறது. – பாகூர் வாசகி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு, கல்லீரல் செல்லுக்குள் நச்சாக மாறுகிறது. அதைக் கட்டிப்போடுவது குளுட்டாதயோன். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உணவிலிருந்து வந்தால்தான் செல் அதைச் செய்ய முடியும். குடியோ நச்சாக்கும் நொதியைக் கூட்டுகிறது, பட்டினியோ குளுட்டாதயோனைக் குறைக்கிறது. உங்கள் கணவர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார். அந்த நொதி நிறைந்திருப்பது கடைமடைச் செல்களில்தான் என்பதால் முதலில் சாவதும் அவைதான்; அந்தச் சாவு நெக்ரோசிஸ் வகை. 1957இல் கிளவுஸ் ஷ்வார்ட்ஸ் என்பவர், சிஸ்டீனும் வைட்டமின் ஈயும் குறைந்த உணவு தின்ற எலிகளின் கல்லீரல் செத்துப்போவதை மிகச் சிறிதளவு செலீனியம் தடுப்பதைக் கண்டார். மாத்திரையே போடாமல், உணவுக் குறைவு ஒன்றே செல்லைக் கொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நலமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு. தொடர்ந்து குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் 2 கிராமைத் தாண்டவிடுவதில்லை. அது மூன்று மாத்திரைதான். ஒரே நாளில் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், வாந்தியோ காமாலையோ வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குளுட்டாதயோனை மீட்டுத்தரும் அசிட்டைல்சிஸ்டீன் மருந்து முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் தரும். காலியான மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை போனது என்பதை மருத்துவர் அதிலிருந்து எண்ணிக்கொள்வார்.

கேள்வி: இதற்கெல்லாம் லிவர் டானிக்கும் சத்து மாத்திரையும் போதாதா? – நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: போதாது. டானிக்கில் ஒரு வேளைப் பருப்பில் இருக்கும் புரதம்கூட இராது. சத்து மாத்திரையில் வைட்டமின் ஏ இருந்தால், அது கல்லீரலிலேயே சேர்ந்துகொண்டு போகும். நீண்ட நாள் அளவு மீறினால் அதுவே கல்லீரலைத் தழும்பாக்கிவிடும். வாங்கிவிட்டீர்கள் என்றால் அட்டையில் அச்சிட்ட அளவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகு தொடங்குங்கள்.